வடக்கின் சுற்றுலாவும் எங்கள் வீட்டுக் கிணறும்

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"வடபகுதிச் சுற்றுலா எதிர்நோக்கும் சவால்கள்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. நான் சுற்றுலாத்துறையில் வேலை செய்கிறவன் இல்லை. குடிசார் பொறியியலாளன். தண்ணீர்க் குழாயும் தாங்கியும்தான் என் தொழில். ஆகவே இந்தத் தலைப்பை ஒரு தண்ணீர்க்காரன் எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் நான் பார்க்கப் போகிறேன். பொறுத்தருள வேணும்.

முதலில் நாட்டு நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் சுற்றுலாச் சபைச் சட்டம் 1966இல் வந்தது. அதற்குப் பிறகுதான் பெந்தோட்டை, ஹிக்கடுவை, நீர்கொழும்பு என்று மேற்கு, தெற்குக் கரைகளில் ஹோட்டல்கள் வளர்ந்தன. கிழக்கில் பாசிக்குடா, நிலாவெளி போன்ற இடங்களும் தொடங்கின. 1982இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 4 லட்சத்து 7 ஆயிரம் பேர். அடுத்த ஆண்டு 1983. அந்த ஆண்டைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. போர் முடிந்த 2009இல் வந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சத்து 48 ஆயிரம் பேர். அதாவது 27 வருடம் கழித்தும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நின்றோம்.

அதன் பிறகு தொகை மளமளவென்று ஏறியது. 2018இல் 23 லட்சத்தைத் தாண்டியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், 2020இல் கொரோனா, 2022இல் பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி விழுந்தது. 2021இல் இரண்டு லட்சம் பேர்கூட வரவில்லை. 2024இல் மறுபடியும் 20 லட்சத்தைக் கடந்தது. ஒரு தீவு நாட்டின் சுற்றுலா இப்படித்தான். விமானம் நின்றால் எல்லாம் நின்றுபோகும். பக்கத்து நாட்டிலிருந்து காரில் ஏறி வர ஒருவருக்கும் வழி கிடையாது.

நாட்டுக்கே இப்படியென்றால், அந்த நாட்டின் ஒரு மூலையில் இருக்கிற எங்களுக்கு எப்படி? கொழும்பில் இறங்குகிற பயணி கண்டி, சீகிரியா, எல்ல, காலி என்று சுற்றிவிட்டுப் போய்விடுவார். யாழ்ப்பாணம் வர வேணுமென்றால் அவர் ஏறத்தாழ 400 கிலோ மீற்றர் வடக்கே வர வேணும். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைச் சேவை சில மாதம் ஓடி 2020இல் நின்றது. 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கியது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே மழைக்காலம் வந்து நின்றது. 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. வழி திறப்பதும் மூடுவதும் எங்களுக்குப் பழக்கமான விஷயம்தான். ஆனால் கடன் எடுத்து விடுதி கட்டினவருக்கு வங்கித் தவணை மட்டும் ஒரு மாதமும் நிற்பதில்லை.

போக்குவரத்து ஒரு சவால். பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாதது இன்னொரு சவால். ஹோட்டல் வேலை என்றால் பெற்றோர் முகம் சுளிக்கினம், வேலை பழகின பிள்ளை அடுத்த வருடம் வெளிநாடு போய்விடுகிறான். இவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக் கூடியவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். நான் பேச வந்தது இந்த இரண்டுக்கும் அடியில் இருக்கிற மூன்றாவது சவாலைப் பற்றி. அடியில் என்று சொன்னது சரியாகவே பொருந்தும். அது நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கை ஆறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மழைக்கு மட்டும் ஓடும். எங்கட தண்ணீர் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே இருக்கிறது. மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழே இருக்கிற உப்பு நீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீர் பாரம் கூடியது. பால் மேலே ஆடை கிடக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற தம்பிமார் நீங்களே போட்டுப் பார்க்கலாம். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இந்த வித்தியாசத்தால், நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மேல்மட்டம் அரை அடி இறங்கினால், கீழே உப்பு 20 அடி ஏறப் பார்க்கும். உடனே ஏறாது, ஆறுதலாக ஏறும். ஏறின உப்பைக் கீழே இறக்குவதற்கு எத்தனை மாரி வேணுமோ தெரியாது.

இதைப் புத்தகத்தில் மட்டும் பார்க்க வேண்டியதில்லை. புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்று ஊர்க்கதை சொல்லும். சுற்றுலா வழிகாட்டிகள் அங்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், "மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர்" என்று அதிசயமாகக் காட்டுகினம். அதிசயந்தான், மறுக்கவில்லை. ஆனால் அது குடாநாடு முழுவதுக்கும் பொதுவான விஷயம். நிலாவரையில் அது கண்ணுக்குத் தெரிகிறது, எங்கட வளவுக் கிணற்றில் தெரியவில்லை, அவ்வளவுதான். கீரிமலைக் கேணியும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கடலுக்குப் பக்கத்தில் நன்னீர் வந்து விழுகிறதென்றால், உள்ளே பெய்த மழை கல்லுக்குள்ளால் கடலை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி விடுதிக்கு வருவோம். 12 அறை உள்ள ஒரு சிறு விடுதியை எடுத்துக்கொள்வோம். அறைக்கு இருவர் என்றால் 24 பேர். குளிப்பு, மலகூடம், விரிப்புகள் தோய்த்தல், சமையல், பூங்கன்றுக்கு ஊற்றுதல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 250 லீற்றர் என்று வைத்தால், மொத்தம் 6,000 லீற்றர். ஐந்து பேர் உள்ள ஒரு வீடு ஆளுக்கு 120 லீற்றர் வீதம் பாவித்தால் 600 லீற்றர். ஆக, ஒரு விடுதி பத்து வீட்டுக்குச் சமம். பத்து வீட்டுத் தண்ணீரும் பத்துக் கிணற்றில் அல்ல, ஒரே கிணற்றில் இறைக்கப்படுகிறது. துலா மிதித்த காலத்தில் ஆள் களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மோட்டருக்குக் களைப்பு இல்லை. தாங்கி நிரம்பும்வரை அது ஓடும்.

எப்போது இந்த இறைப்பு உச்சத்துக்குப் போகிறது என்று பாருங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆடி, ஆவணி மாதங்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூட விடுமுறையும் அதே காலந்தான். வெளிநாட்டில் இருக்கிற எங்கட உறவுகள் பிள்ளைகளோடு வருவதும் அப்போதுதான். விடுதிகளில் அறை கிடைக்காது. இந்த ஊருக்கு அது ஒரு சந்தோஷமான காலம். ஆனால் எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாதங்களில் பெய்கிறது. ஜூலை, ஓகஸ்ட் என்பது கிணறு அடிதட்டுகிற நேரம். வருடத்தில் ஆட்கள் கூட வருகிற மாதமும் தண்ணீர் குறைவான மாதமும் ஒன்றாக வந்து நிற்கிறது. தெற்கில் காலி, ஹிக்கடுவைக்கு இந்தச் சிக்கல் இந்த அளவில் கிடையாது. இது எங்கட பகுதிக்கே உரிய சவால்.

எடுக்கிற தண்ணீர் பாதிக் கதை. மீதிப் பாதி, போகிற தண்ணீர். 6,000 லீற்றர் எடுத்தால் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 4,800 லீற்றர், கழிவாக வெளியே வரும். அது எங்கே போகிறது? யாழ் நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி எங்களிடம் இல்லை. மலக்குழிக்குள்தான் போகிறது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி இருக்க வேணும் என்று சொல்லிக்கொள்கிறோம். நகரத்தில் இரண்டு பரப்புக் காணியை எடுங்கோ. ஒரு பரப்பு 10 பேர்ச். இரண்டு பரப்பு என்பது ஏறத்தாழ 54 அடி அகலமும் 100 அடி நீளமும். அதற்குள் உங்கட கிணற்றிலிருந்து 50 அடி விட்டுக் குழி வெட்டினால், அது பக்கத்து வீட்டுக்காரரின் கிணற்றடிக்குப் போய் நிற்கும். மண் தடிப்பாக இருக்கிற ஊருக்கு 50 அடி பாதுகாப்பாக இருக்கலாம். வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக் கல்லில் கழிவு வடிபடாமலே ஓடிப் போகக்கூடும்.

மலக்குழியாலும் தோட்டத்துப் பசளையாலும் எங்கட கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிற விஷயம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்துக் கூட. பலர் "நாங்கள் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறது" என்பினம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைந்து, அதன் செறிவு இன்னும் கூடும்.

வேலை காரணமாக நான் போன ஒரு கிராமத்தில் கண்டதைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் வேண்டாம். ஒரு புது விடுதி, அழகாகக் கட்டியிருந்தார்கள். அரைக் குதிரைவலு மோட்டரை மாற்றி இரண்டு குதிரைவலு மோட்டர் போட்டார்கள். பக்கத்து வளவில் தனியே இருக்கிற ஒரு ஆச்சி. அவரின் கிணற்றில் மாசி மாதம் வரை நல்ல தண்ணீர், ஆடி மாதம் தேத்தண்ணீர் போட்டால் உப்புக் கரிக்குது என்றார். நான் மின்கடத்துதிறன் அளக்கிற கருவியைக் கிணற்று நீரில் வைத்துப் பார்த்தேன். ஆச்சியின் நாக்குச் சொன்னதைக் கருவியும் சொன்னது. விடுதியால்தான் இது வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஏனென்றால் விடுதி வருவதற்கு முந்திய அளவு ஒருவரிடமும் இல்லை. ஆச்சி சண்டை பிடிக்கவில்லை. "தம்பி, அவையளும் கடன்பட்டுத்தானே கட்டினவை" என்று மட்டும் சொன்னார். இப்போது அவர் குடிதண்ணீரைப் போத்தலில் வாங்குகிறார்.

அளவு இல்லாதபடியால் நியாயம் கேட்க முடியாமல் போவது எங்களுக்குப் புதிது அல்ல. சுன்னாகம் பகுதியில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்று 2014, 2015இல் ஊரே கொந்தளித்தது நினைவிருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல்தான் தீர்ப்பு வந்தது. எண்ணெய்ப் பிரச்சினையை ஆட்கள் மணத்தால் அறிந்தார்கள். நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, சுவையும் இல்லை.

"கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை?" என்று கேட்பீர்கள். உண்மைதான். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், அதாவது 2 கோடியே 40 லட்சம் லீற்றர், உற்பத்தி செய்யக்கூடிய நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. முதலில் இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரத்தான் திட்டமிட்டார்கள். கிளிநொச்சி விவசாயிகள் தங்கட வயலுக்கே காணாது என்றார்கள், அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் கடலுக்குப் போனோம். இந்த நிலையம் வந்தது பெரிய காரியம். ஆனால் கடல்நீரில் 1,000 லீற்றர் நன்னீர் எடுக்க 3 முதல் 4 அலகு மின்சாரம் வேணும். மின்சாரம் எப்படிப் போய் வரும் என்பதை 2022இல் கண்டோம். அதோடு, வெளியிலிருந்து புதிதாக வருகிற குழாய்த் தண்ணீரும் கடைசியில் கழிவாகித்தான் அதே கல்லுக்குள் இறங்கும். குழாய் வந்தால் உப்புப் பிரச்சினை குறையும், கழிவுப் பிரச்சினை கூடும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேணும்.

இன்னொரு தீவு நாட்டில் நடந்ததையும் சொல்லுகிறேன். பிலிப்பைன்ஸில் பொராக்கே என்று ஒரு சின்னத் தீவு, உலகப் புகழ் பெற்ற கடற்கரை. ஹோட்டல்கள் பெருகி, கழிவுநீர் கடலுக்குள் போய், கடைசியில் 2018 ஏப்ரல் 26இல் அரசாங்கமே தீவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியது. ஆறு மாதம் மூடிக் கிடந்தது. வேலை இழந்தவர்கள் அறை துடைத்தவர்களும் படகு ஓட்டினவர்களும்தான். பொராக்கேயில் அழுக்கு கடலில் பாசியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. எங்களிடம் அது கிணற்றுக்குள் போகும். பயணிக்குத் தெரியாது. அவர் போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் நாள் போய்விடுவார். அந்தக் கிணற்றில் குடிக்கப் போவது நாங்கள்.

அப்படியானால் சுற்றுலா வேண்டாம் என்கிறேனா? ஒருபோதும் இல்லை. இந்த மண்ணுக்கு வேலை வேணும். கோட்டையையும் நூலகத்தையும் நெடுந்தீவுக் குதிரைகளையும் நயினாதீவையும் பார்க்க ஆட்கள் வர வேணும். வந்தவர் எங்கட வீட்டில் சாப்பிட்டு, எங்கட ஓட்டோவில் ஏறி, எங்கட பனங்கட்டியை வாங்கிப் போக வேணும். நான் கேட்பது ஒன்றுதான். அறைக் கணக்குப் போடுமுன் தண்ணீர்க் கணக்குப் போடுவோம். அதற்கு நாலு காரியம் சொல்கிறேன்.

முதலாவது, காலத்தைப் பங்கிடலாம். ஜனவரி முதல் மார்ச் வரை மாரி முடிந்து கிணறு நிறைந்திருக்கும். வெயிலும் குறைவு. சுண்டிக்குளம், மண்டைதீவுப் பக்கம் வலசைப் பறவைகள் வந்திருக்கும். ஐரோப்பியர் குளிருக்குத் தப்பித் தென்னிலங்கைக் கடற்கரையில் கூடுகிற காலமும் அதுதான். அவர்களில் ஒரு பகுதியை வடக்கே அழைக்கலாம். நல்லூருக்கு வருகிற எங்கட சனத்தின் நாளை மாற்றேலாது. ஆனால் விளம்பரப் பணத்தை எந்த மாதத்துக்குச் செலவழிப்பது என்பது எங்கட கையில்தான்.

இரண்டாவது, மழையைப் பிடிக்க வேணும். 3,000 சதுர அடிக் கூரை உள்ள விடுதியில், வருடத்துக்கு 1,200 மில்லி மீற்றர் மழை என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும், 2 லட்சத்து 67 ஆயிரம் லீற்றர் கிடைக்கும். நான் சொன்ன 12 அறை விடுதிக்கு அது ஒன்றரை மாதத் தண்ணீர். தாங்கியில் பிடிக்கலாம், மிச்சத்தை வடித்து நிலத்துக்குள் இறக்கலாம். குடாநாட்டில் எங்கட முன்னோர் வெட்டின குளங்கள் ஆயிரம் அளவில் இருக்கின்றன. குளத்தைச் சுற்றி நடைபாதையும் மின்விளக்கும் போடுவது நல்லதுதான். அதற்கு முதல், மழைநீர் குளத்துக்கு வருகிற வாய்க்காலைத் திறந்து விட வேணும்.

மூன்றாவது, கழிவு. சிறு விடுதியென்றால் அடி மூடிய, கசியாத தொட்டி கட்டிப் பவுசரில் எடுப்பிக்கலாம். பெரிய விடுதியென்றால் தனக்கென்று ஒரு சுத்திகரிப்புப் பொறித்தொகுதி போட வேணும். செலவுதான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற நாலைந்து விடுதிகள் சேர்ந்து ஒன்று போட்டால் செலவு பங்குபடும்.

நாலாவது, அளவு. இதற்குத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணன்மாரே, பூர்வீகக் காணியில் ஒரு விடுதி கட்டலாம் என்ற எண்ணம் உங்களில் பலருக்கு உண்டு. நல்ல எண்ணம். வரைபடம் கீறுமுன் மூன்று கேள்விக்குப் பதில் தேடுங்கோ. ஓகஸ்ட் மாதத்தில் உங்கட கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? கழிவு எங்கே போகும்? பக்கத்து வளவுக் கிணறு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் எந்தப் பொறியியலாளராவது உங்களுக்கு வரைபடம் தந்தால், அந்த வரைபடத்தை வாங்காதேயுங்கோ.

தம்பிமாரே, உங்களுக்கு ஒரு வேலை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் என்று வருடத்தில் மூன்று முறை, ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுக் கிணற்று நீரை ஒரு சுத்தமான போத்தலில் கொண்டுவர வேணும். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்து எழுத வேணும். எங்கட கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தில் மின்கடத்துதிறனும் நைத்திரேற்றும் பார்த்து, ஒரு பதிவுப் புத்தகத்தில் கிராமம், திகதி, அளவு என்று பதிய வேணும். ஒரு தவணையில் ஒரு வகுப்பு தொடங்கினாலே போதும். ஐந்து வருடத்தில் அந்தப் புத்தகம் இந்தப் பகுதியின் தண்ணீர்ச் சரித்திரமாக நிற்கும். அடுத்த ஆச்சி ஒருவர் வந்து கேட்கும்போது, "விடுதி வருமுன் உங்கட கிணறு இப்படி இருந்தது" என்று காட்ட ஒரு தாளாவது இருக்கும். விடுதிக்காரரில் குற்றம் இல்லையென்றால் அதையும் அதே தாள் காட்டும்.

கருவி இரண்டுக்கும் முதல் வருட இரசாயனப் பொருட்களுக்குமான செலவை எங்கட வகுப்பு நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று இன்று காலையில்தான் பேசி முடிவெடுத்தோம். அதிபர் அவர்களும் விஞ்ஞானப் பகுதி ஆசிரியர்களும் அனுமதி தந்து வழிநடத்த வேணும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் வருடச் செலவை எந்த வகுப்பு எடுக்கப் போகிறது என்பதை மதியச் சாப்பாட்டுக்கு முதல் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் உதவியாக இருக்கும்.